புக்ககம் அறியப்படாத நம் குலப்பெண்கள்

நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்களில் வம்சாவளிப் பட்டி எழுதிவைத்திருப்போர் பலர். அவற்றைக் காணுந்தோறும் ஒரு குறை நம் கண்ணுக்குப் புலனாகின்றது. பாட்டன், பூட்டன், ஓட்டன் என ஆண்மக்களின் பெயர்கள் தலைமுறை தலைமுறையாகத் தவறாது வரிசைப்பட்டிருக்கும். அவர்களோடு ஒரு வயிற்றிற் பிறந்த பெண்மக்களோ, ‘பெண் இரண்டு’ என்றும், ‘ஒரு குமாரத்தி, வெளியூரில் வாழ்க்கைப்பட்டாள்’ என்றும் ஒரு சொல்லளவில் முடிக்கப்பட்டிருப்பர். சிற்சில பட்டிகளிற் பெண்ணின் பெயர் மட்டும் இருக்கும். அவளைக் கைப்பிடித்தவர் யாவர், எவ்வூரினர், எக்கோத்திரத்தினர், அவ்வழியில் இன்றுள்ளார் யாவர் என்பவற்றுக்கு ஒரு குறிப்பும் இராது. கணவர் பெயரே தெரியாதபோது அப்பெண்ணின் மணப்பதிவை எங்ஙனந் தேடுவது என்பதே ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

கருணீகராகிய நமக்கு இக்குறை பிறரினும் மிகுதியாக உறுத்தத்தக்கது. தலைமுறை தலைமுறையாக ஊர்க்கணக்கு எழுதியது நம் குலம். எந்த வயல் எவருடையது, எந்த வாய்க்கால் எங்கே பிரிகின்றது, எவர் எத்தனை பணம் தீர்வை செலுத்த வேண்டும் என்பவற்றையெல்லாம் கைக்கணக்காக வைத்திருந்தவர் நம் முன்னோர். 1980 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தமிழ்நாட்டிற் கர்ணம் உத்தியோகம் எடுபடும்வரை அவ்வெழுத்து நம் வீடுகளில் ஓயவில்லை. ஊராருடைய காணியை அங்குலம் பிசகாமல் எழுதிய கை, தன் வீட்டிற் பிறந்த பெண் எங்கே சென்றாள் என்பதை எழுதாது விட்டது.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போகவேண்டுவதில்லை. நம் குலத்துதித்த திருவருட்பிரகாச வள்ளலார் குடும்பமே போதும். சிதம்பரத்துக்கு வடமேற்கேயுள்ள மருதூரில் 1823 ஆம் ஆண்டு அக்டோபர் 5 ஆம் நாள் அவதரித்த அப்பெருமானின் தந்தையார் இராமையாப் பிள்ளை அவ்வூர்க் கணக்கர். தாயார் சின்னம்மையார் பொன்னேரியை அடுத்த சின்னகாவணத்திற் பிறந்தவர். இராமையாப் பிள்ளைக்குச் சின்னம்மையார் ஆறாம் மனைவியார் என்றும், முன்னர் மணந்த ஐவரும் மகப்பேறின்றி ஒருவர் பின் ஒருவராக இறந்தனர் என்றும் சரித்திர நூல்கள் கூறும். ஆறாமவர் பெயரும் ஊரும் நாடறிந்தன. முன்னை ஐவர் பெயர் நம்மவர் நாவில் வழங்குவதில்லை. மகவு ஈன்றவள் நினைக்கப்பட்டாள். ஈனாதவள் மறக்கப்பட்டாள் என்பதன்றி இதற்கு வேறு காரணம் யாது?

அப்பெருமானுடைய திருமணமும் இவ்வகையில் நமக்கு ஒரு பாடம். 1850 ஆம் ஆண்டிற் சுற்றத்தார் வற்புறுத்தலால் அவருக்கு மணம் நடந்தது. மணமகள் தமக்கையார் உண்ணாமுலையம்மையின் புதல்வி தனக்கோடி. இம்மணத்தைச் சர்க்கார்ப் பதிவேடு எதுவும் நமக்குச் சொல்லவில்லை. அணுக்கத்தார் நினைவும், சரித்திரம் எழுதினோர் உசாவலுமே சொல்லின. தமக்கை மகள் என்னும் பிறந்தவழி உறவு தெரிந்திருந்தமையால் தனக்கோடியார் இன்னாரென்பது விளங்கிற்று. அவ்வுறவும் தெரியாதிருப்பின் வெறும் பெயரே எஞ்சியிருக்கும்.

மணப்பதிவு என்பது நம் நாட்டில் மிகவும் பிற்பட்டது என்பதை அன்பர்கள் முதற்கண் நெஞ்சிற் கொள்ளல் வேண்டும். கிறிஸ்தவர்க்குக் கோயிற் பதிவேடுகள் இருந்தன. 1872 ஆம் ஆண்டில் அவர்க்கெனத் தனிச்சட்டமும் ஏற்பட்டது. இந்துக்களுக்கோ அக்கினி சாக்ஷியும் சுற்றத்தார் சாக்ஷியுமே பதிவு. 1955 ஆம் ஆண்டின் இந்து விவாகச் சட்டத்தின் 8 ஆம் பிரிவு பதிவுக்கு வழிசெய்தது. நம் மாகாணத்தில் அதற்கான விதிகள் 1967 இல் ஏற்பட்டன. அப்பொழுதும் பதிவது அவரவர் விருப்பத்தைப் பொறுத்ததாயிற்று. 2006 ஆம் ஆண்டு பிப்ரவரியில் எல்லா மணங்களையும் பதிதல் வேண்டுமென உச்சநீதிமன்றம் பணித்த பின்னர், தமிழ்நாட்டில் 2009 ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. மணம் நடந்த 90 நாட்களுக்குள் பதிய வேண்டுமென்பது அச்சட்டத்தின் விதி. ஆகவே, நம் பாட்டியார் காலத்து மணத்திற்குப் பதிவேடு தேடிக் காணாதவர், மணமே நடக்கவில்லையென்றோ, தேடுதற்கு வேறிடமில்லையென்றோ மயங்குதல் கூடாது. நம்மவர் மணத்தைப் பதியவில்லை. கொடையையும் நிலத்தையும் பதிந்தனர். கணவர் பெயர் அங்கே கிடைக்கும்.

இஃது இன்று நேற்று உண்டான வழக்கமன்று. சோழ மன்னர் குடும்பத்திற் குந்தவை என்னும் பெயர் தாங்கிய மூவரை எடுத்துக்கொள்வோம். முதல் இராசராசனின் தமக்கையார் குந்தவையார், வல்லவரையர் வந்தியதேவரின் தேவியார் என்பதை நாம் அறிவது, மணச்செய்தி கூறும் சாசனத்தாலன்று. தஞ்சைப் பெரியகோயிலுக்கு அவர் வழங்கிய கொடையைக் கூறுங் கல்வெட்டில், கொடுத்தவர் இன்னார் மனைவி என்று பொறிக்கப்பட்டமையாலேயாம். இரண்டாமவர் அம்மன்னனுடைய மகளார். அவர் வேங்கிச் சாளுக்கிய விமலாதித்தனை மணந்த செய்தி புக்ககத்தார் செப்பேடுகளில் விளங்குகின்றது. மூன்றாமவர் முதற் குலோத்துங்கனின் தங்கையார். அம்மன்னனது 44 ஆம் ஆட்சியாண்டாகிய 1114 இல் தில்லையம்பலத்திற்கு அவர் செய்த பொன்னணிக் கொடையைச் சிதம்பரக் கல்வெட்டுக் கூறும். ஆண்டு அவர் மன்னன் தங்கை என்றே குறிக்கப்படுகின்றார்.

இம்மூவராலும் தேடும் வழி மூன்றும் விளங்கும். ஒன்று, பெண் தானே கொடுத்த கொடைச்சாசனம். இரண்டு, அவள் மக்கள் வழியினர் வைத்துள்ள சாசனம். மூன்று, பிறந்தகத்தார் சாசனம். நான்காவது துணை ஒன்றும் உண்டு. மூன்றாங் குந்தவையார் ‘இராசராசன் குந்தவை’ எனப்பட்டார். அவர் தந்தை இராசராச நரேந்திரன்; அந்நரேந்திரனின் தாயே இரண்டாங் குந்தவையார். பேத்தி தன் தந்தையைப் பெற்ற பாட்டியின் பெயரைப் பெற்றாள். இவ்வழக்கம் இன்றளவும் நம் வீடுகளில் உள்ளதன்றோ? மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரிடுதல் பெருவழக்காதலால், காணாமற்போன பெண்ணின் தலைமகன் பெயர் தெரியின் அவளுடைய மாமனார் பெயரை ஒருவாறு ஊகிக்கலாம். ஆயினும் ஒரு பெயர் பலர்க்கு வழங்குமாதலின், பெயரொற்றுமை ஒன்றையே கொண்டு இன்னாரென்று முடிவுசெய்தல் தகாது.

இனி நம் காலத்துக் கல்வெட்டாவது யாதெனின், சார்பதிவாளர் அலுவலகம் என்று இப்போது வழங்கும் சப்ரிஜிஸ்திரார் கச்சேரியின் புத்தகமேயாகும். சென்னை மாகாணத்தில் 1865 முதல் பத்திரப்பதிவு முறையாக நடந்துவருகின்றது. 1908 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி நூறு ரூபாயும் அதற்கு மேற்பட்டும் மதிப்புள்ள நிலத்தை விற்பதும் கொடுப்பதும் பதியப்படல் வேண்டும். அக்கச்சேரியில் முதலாம் புத்தகத்துக்கு இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று எழுதிக்கொடுத்தோர், எழுதிப்பெற்றோர் பெயர்வரிசை. மற்றொன்று சொத்துக்களின் வரிசை. இப்புத்தகமும் அட்டவணைகளும் கட்டணஞ் செலுத்திய எவரும் பார்க்கத்தக்கன. உயில்கள் பதியும் மூன்றாம் புத்தகம் அவ்வாறு எல்லார்க்கும் திறந்ததன்று. ஆயினும் உயிலெழுதினவர் இறந்தபின் அதன் நகலை எவரும் கேட்டுப்பெறலாம்.

கணவர் பெயர் தெரியாதவர் பெயர்வரிசையிற் புகுந்து திகைத்தல் வேண்டா. சொத்து வரிசையிற் புகுதல் நன்று. பெண்ணின் தந்தையார்க்கு எவ்வூரில் எந்நிலம் இருந்ததென்று சிட்டா, அடங்கல், பழைய பட்டாக்களால் முதலில் அறிந்துகொள்க. பின்னர் அந்நிலத்தைப் பற்றிய பத்திரங்களை ஆண்டுவாரியாகப் பார்த்துவருக. தந்தையார் காலஞ்சென்ற பின் எழுந்த பாகப்பிரிவினைப் பத்திரத்திலும் விடுதலைப் பத்திரத்திலும் பெண்மக்கள் கையொப்பமோ கைநாட்டோ இட்டிருப்பர். ஆண்டு அவர்கள், ‘இன்னார் குமாரத்தியும் இன்னவூர் இன்னார் பெண்சாதியுமான இன்னாள்’ என்று எழுதப்படுவது வழக்கம். பழைய பத்திரங்களில் மனைவியைப் ‘பாரி’ என்றும், ‘சம்சாரம்’ என்றும் எழுதுதலும் உண்டு. மணத்தின்போது சீதனமாக நிலங் கொடுத்திருப்பின், அத்தானப் பத்திரமே மணப்பதிவுக்கு நிகராகும்; நாளும் ஏறத்தாழ அதனால் விளங்கும். பத்திரத்தின் அடியிலுள்ள சாக்ஷிகளையும் விடாது நோக்குக. சகோதரர் எழுதிய பத்திரத்துக்கு மைத்துனர் சாக்ஷியிடுதல் நம்மவருள் மிகுதி. அங்குள்ள அயலூர்ப் பெயரொன்று நாம் தேடுபவர் பெயராகவே இருத்தல் கூடும்.

பத்திரத்தில் அகப்படாதாயின் நியாயஸ்தலத்துக்குச் செல்க. கடலூர் ஜில்லாக் கோர்ட்டிலும், சிதம்பரம் முன்சீபு கோர்ட்டிலும் நடந்த பாகவழக்குகளின் பிராதுகளோடு வம்சாவளிப் படம் இணைக்கப்பட்டிருக்கும். தன் பங்கை நிலைநாட்ட வேண்டியவர் அத்தை, தமக்கை, மருகர் எல்லாரையும் அதிற் காட்டியே தீரவேண்டும். வழக்கு நம் குடும்பங்களைப் பிரித்ததாயினும், அப்பிரிவே பெண்களின் பெயரை ஏட்டில் நிறுத்திற்று. பிறப்பு இறப்புப் பதிவுகளும் பயன்தரும். குழந்தையின் பிறப்புப் பதிவில் தாய் தந்தையர் இருவர் பெயரும், மனைவியின் இறப்புப் பதிவிற் கணவர் பெயரும் காணப்படும். தலைப்பிள்ளைப் பேற்றுக்குப் பெண் தாய்வீடு வருதல் மரபாதலால், மூத்த குழந்தையின் பிறப்பைப் பிறந்தகத்தூர்ப் பதிவிலேயே முதலில் தேடுதல் அறிவுடைமை. திருப்பாதிரிப்புலியூர், திருவயிந்திரபுரம் முதலிய தலங்களில் உபயதாரர் பெயர் பொறித்த கற்களும் பாத்திரங்களும் உள. அவற்றையும் புறக்கணித்தல் ஆகாது.

ஊர்ப்பெயர், ஜில்லாப்பெயர் மாற்றங்களாலும் தேடுவோர் இடர்ப்படுவர். 1993 ஆம் ஆண்டு செப்டம்பர் 30 ஆம் நாள் வரை கடலூரும் சிதம்பரமும் விழுப்புரமும் தென்னார்க்காடு என்னும் ஒரே ஜில்லாவில் இருந்தன. பழைய ஏடுகளில் ‘கடலூர் ஜில்லா’ என்று தேடுவோர்க்கு ஒன்றுங் கிடையாது.

கடலூரார் சிறப்பாக அறியவேண்டுவது இன்னொன்று உண்டு. பெண்ணையாற்றைக் கடந்தால் வடகரையிற் பாகூர். அது பிரெஞ்சுச் சர்க்காரின் ஆட்சியில் இருந்த சீமை. ஆற்றின் தென்கரையில் இந்துக்களின் மணத்துக்குப் பதிவே இல்லாதிருந்த காலத்தில், வடகரையில் 1880 ஆம் ஆண்டின் ஆணைப்படி பிறப்பு, மணம், இறப்பு மூன்றையும் பதியும் ஏற்பாடு இந்தியர்க்கும் விரிக்கப்பட்டது. கடலூரிலிருந்து பாகூருக்கோ, புதுவைக்கோ, வில்லியனூருக்கோ கொடுக்கப்பட்ட பெண்ணாயின், அவள் மணம் அங்குள்ள கொம்யூன் பதிவேட்டில் இருத்தல் கூடும். மணமகன், மணமகள் இருவருடைய பெற்றோர் பெயரையும் எழுதுதல் அப்பதிவின் முறையாதலால், கணவர் பெயரறியாதவர்க்கு இதனினுஞ் சிறந்த சான்று வேறில்லை. பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் இருக்குமாதலின் அதற்கேற்ப உச்சரித்துப் பார்த்தல் வேண்டும். 1881 ஆம் ஆண்டின் ஆணைப்படி தம் பழைய தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிய குடும்பப்பெயர் பூண்டனர் என்பதையும் மறவாதிருக்க. இப்பதிவேடுகளின் இரண்டாம் படிகள் பிரான்ஸுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று எக்ஸ் நகரத்துக் குடியேற்ற நாட்டு ஆவணக் களரியில் உள்ளன.

கடல்கடந்து சென்றோர் கதை இன்னும் உருக்கமானது. 1860 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் நாள் சென்னையிலிருந்து சென்ற டுரூரோ என்னுங் கப்பல் நேட்டாலிற் கரைசேர்ந்தது முதல், ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றவருள் தென்னார்க்காட்டாரும் உளர். கப்பற் பதிவுகளிற் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர் ஆகியவை எழுதப்பட்டன. பிஜித் தீவுக்குச் சென்றோர் சீட்டில், மணமானவராயின் யாரை மணந்தவர் என்பதற்கும் ஓரிடம் விடப்பட்டிருந்தது. ஊரிலே மணப்பதிவு இல்லாத குடியானவப் பெண்ணுக்குக் கப்பற்சீட்டே கணவர் பெயரை நிலைநிறுத்திற்று.

பதிவில்லாமையால் நேர்ந்த கேட்டையும் அந்நாடே காட்டிற்று. 1913 ஆம் ஆண்டு மார்ச்சு 14 ஆம் நாள், தென்னாப்பிரிக்காவின் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி ஸேர்ல் அளித்த தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடந்து பதியப்பெறாத இந்தியர் மணங்களைச் செல்லாதனவாக்கிற்று. தாலி கட்டிய மனைவியர் ஒரு நாளில் மனைவியரல்லராயினர். அவர் மக்களின் உரிமையும் ஐயத்துக்குள்ளாயிற்று. அது பொறாது தமிழ்ப்பெண்கள் காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்திற் புகுந்து சிறை சென்றனர். தில்லையாடி வழிவந்த வள்ளியம்மை சிறையிற் பெற்ற நோயால் 1914 ஆம் ஆண்டு பிப்ரவரி 22 ஆம் நாள் உயிர்நீத்தாள். அவ்வாண்டிலேயே இந்தியர் நிவாரணச் சட்டம் பிறந்து நம்மவர் மணங்களுக்கு மதிப்பளித்தது.

அயல்நாட்டிலன்றி நம் நாட்டிலும் மணநாள் ஒன்றே பெண்ணின் சொத்துரிமையைத் தீர்த்த காலம் உண்டு. 1989 ஆம் ஆண்டு மார்ச்சு 25 முதல் தமிழ்நாட்டில் மகளுக்கும் பிதிரார்ஜித சொத்திற் சமபங்கு என்று சட்டம் வந்தது. ஆனால் அந்நாளுக்கு முன் மணமான மகள் அதற்குப் புறம்பாக்கப்பட்டாள். மார்ச்சு 24 இல் தாலி ஏறினவளுக்குப் பங்கில்லை. மறுவாரம் ஏறினவளுக்குப் பங்குண்டு. பதிவில்லாத மணத்தின் நாளை நிறுவ அழைப்பிதழும், நிழற்படமும், மொய்க்கணக்கும் தேடப்பட்டன. 2005 ஆம் ஆண்டு செப்டம்பர் 9 முதல் நாடு முழுதும் மகளும் மகனோடு ஒத்த பங்காளியாயினாள். அவ்வுரிமை பிறப்பால் வருவது, தந்தை அந்நாளில் உயிரோடிருந்திருத்தல் வேண்டுவதில்லை என்று 2020 ஆம் ஆண்டு ஆகஸ்டு 11 ஆம் நாள் உச்சநீதிமன்றம் தெளிவாக்கிற்று. ஆயினும் இன்னாளே இன்னார் மகள் என்பதை நிறுவவேண்டிய கடமை இன்னும் நீங்கவில்லை. வம்சாவளியிற் பெயரில்லாத பெண்ணின் பேரன் தாசில் கச்சேரியில் எதைக்கொண்டு நிறுவுவான்?

சட்டமும் குடும்ப ஏட்டை அற்பமாக எண்ணவில்லை. பகைமூளுமுன் எழுதிவைக்கப்பட்ட குடும்ப வம்சாவளியும், காலஞ்சென்ற உறவினர் உறவுமுறை பற்றிக் கூறிய சொல்லும் சான்றாகக் கொள்ளத்தக்கன என்று 1872 ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் விதித்தது. 2024 ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் அதற்கு மாறாக வந்த புதிய சட்டத்திலும் அந்நெறி நிலைபெற்றுள்ளது. எனவே வீட்டிலிருந்து எழுதும் ஏடு, வழக்கு வந்தபின் தேடும் நூறு காகிதத்தினும் வலியது.

ஆதலின் நம் அன்பர்களை வேண்டிக்கொள்வது இதுவே. ஒவ்வொரு வீட்டிலும் வம்சாவளிப் பட்டியை மறுமுறை எழுதுக. பெண் ஒவ்வொருத்திக்கும் அவள் பெயர், பிறந்த ஆண்டு, மணந்த ஆண்டு, கணவர் பெயர், மாமனார் பெயர், புக்கவூர், கோத்திரம், மக்கள் பெயர் ஆகியவற்றை நிரப்புக. மருமகளாய் வந்தவளின் பிறந்தகத்தையும் அவ்வாறே எழுதுக. ஒரு வீட்டில் மறைந்தவள் மற்றொரு வீட்டு ஏட்டிற் காணப்படுவாள். மகவின்றி இறந்தவளையும், இளமையிற் கைம்மையுற்றவளையும், மறுமணஞ் செய்தவளையும், வேறு குலத்தாரை மணந்தவளையும் விலக்காது எழுதுக. அவர்களும் நம் வயிற்றிற் பிறந்தவர்களே. எண்பது வயதைக் கடந்த பாட்டிமார் இருக்கும் வீடுகளில் இவ்வேலையை இம்மாதமே தொடங்குக. எந்தக் கச்சேரியிலும் இல்லாத புத்தகம் அவர்கள் நெஞ்சிலே உள்ளது.

பழைய அழைப்பிதழ்களையும், பொருத்தம் பார்த்த ஜாதகங்களையும், சீதனப் பட்டிகளையும், மொய்நோட்டுகளையும் குப்பையெனக் கருதி எரித்தல் ஆகாது. இனி நடக்கும் மணங்களைக் காலந்தாழ்த்தாது பதிவுசெய்து, அச்சான்றின் நகலொன்றைப் பெண்ணின் பிறந்தகத்திலும் வைத்துக்கொள்க. ஊராரின் நிலத்துக்கெல்லாம் கணக்கு வைத்த நம் குலம், தன் பெண்மக்களுக்குங் கணக்கு வைக்குமாயின், வருந்தலைமுறையில் ஒரு பேரன் தன் பாட்டியின் பெயரைத் தேடிக் கச்சேரி கச்சேரியாக அலையவேண்டிவராது. தில்லைக்கூத்தன் திருவருள் இதற்குத் துணைபுரிக.